பெர்த்தாம் பள்ளத்தாக்கின் முதல் உழவர்

வரலாறு எனப்படுவது பெயர்களின் பட்டியல் அன்று. எனினும் பெயர் இல்லாதவனுக்கு வரலாற்றில் இடம் கிடைப்பது அரிது. கேமரன் மலையின் வரலாற்றைப் புரட்டுவோர் இவ்வுண்மையைத் தெளிவாகக் காணலாம். 1885ஆம் ஆண்டில் பகாங், பேராக் மாநிலங்களின் எல்லைப்புறத்தை அளக்க வந்த வில்லியம் கேமரன் என்னும் ஆங்கிலேய நில அளவையாளர், மலைகளுக்கு நடுவே சரிவு தணிந்த ஒரு மேட்டுநிலத்தைக் கண்டதாகக் குறித்து வைத்தார். அவர் பெயரே அம்மலைக்கு நிலைத்துவிட்டது. அவருடன் காட்டுவழி நடந்த கூலோப் ரியாவ் என்னும் மலாய்க்காரரின் பெயரை இன்று எத்துணைப் பேர் அறிவர்? கேமரனுக்கும் கூலோப் ரியாவுக்கும் பன்னூறாண்டுகளுக்கு முன்பிருந்தே அம்மலையைத் தம் வீடாகக் கொண்டு, தினையும் கிழங்கும் விளைவித்து வாழ்ந்த செமாய்ப் பூர்வகுடியினரை, அதனைக் 'கண்டுபிடித்தவர்' என எவரும் சொல்வதில்லை.

கண்டவனுக்கு ஒரு பெயர், காட்டியவனுக்கு ஒரு வரி, வாழ்ந்தவனுக்கு ஒன்றுமில்லை என்னும் இம்முறை உழவின் வரலாற்றிலும் தொடர்ந்து வந்துள்ளது. வள்ளுவப் பெருந்தகை உழவுக்கென ஓர் அதிகாரத்தையே வகுத்து, உழுவானை உலகுக்கு ஆதாரமாக வைத்துப் போற்றினார். அவ்வழி வந்த நாம், நம் கண்ணெதிரே காட்டைக் கழனியாக்கிய முதல் உழவர் யாவர் என்று கேட்டறிதல் கடன் அன்றோ? அக்கேள்விக்கு லெம்பா பெர்த்தாம் வட்டாரத்தை நிலைக்களனாகக் கொண்டு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இடமும் பெயரும்

'லெம்பா' என்னும் மலாய்ச் சொல் பள்ளத்தாக்கைக் குறிக்கும். பெர்த்தாம் என்பது மலைக்காடுகளில் புதர்போல் வளரும் ஒருவகைப் பனையின் பெயர். அதன் ஓலை பூர்வகுடி மக்களின் கூரைக்கும் சுவருக்கும் பயன்பட்டது. பிரிஞ்சாங் மலைப்பகுதியில் தோன்றும் பெர்த்தாம் ஆறு, தானா ராத்தா வழியாக இறங்கி, ஹாபு, ரிங்லெட் ஆகிய ஊர்களின் பக்கமாகப் பாய்ந்து, பள்ளத்தாக்கினுள் நுழைகின்றது. கேமரன் மலையின் நீர்வளத்துக்கு மூலமான பெர்த்தாம், தெலோம், லெமோய் என்னும் மூன்று ஆறுகளுள் இஃது ஒன்று. இவற்றின் நீர் ஜெலாய் வழியாகப் பகாங் ஆற்றோடு கலந்து கிழக்குக் கடலைச் சேர்வதே இயற்கை வகுத்த வழி.

குளிர்ந்த காற்று, ஆண்டு முழுதும் தவறாத மழை, நீர் தேங்காத சரிவு, புளிப்புத் தன்மை வாய்ந்த மண் ஆகிய நான்கும் ஒருங்கே அமைந்தமையால் இம்மலை தேயிலைக்கென்றே அமைந்தது போலாயிற்று. ஆயினும் நிலம் நன்றாக இருந்தால் மட்டும் விளைச்சல் வந்துவிடுமா? அந்நிலத்தை அடைய வழி வேண்டும். காட்டை அழிக்கக் கை வேண்டும். விளைந்ததை விற்கச் சந்தை வேண்டும். இம்மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக வந்த கதைதான் பெர்த்தாமின் உழவுக் கதை.

வழி வந்த கதை

கேமரன் கண்ட மேட்டுநிலம் நாற்பது ஆண்டுகள் காட்டுக்குள் மறைந்தே கிடந்தது. 1925ஆம் ஆண்டு சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் அங்குச் சென்று பார்வையிட்ட பின்னரே அதனை மலைவாழிடமாகவும் விளைநிலமாகவும் ஆக்கும் திட்டம் உருப்பெற்றது. தாப்பாவிலிருந்து தானா ராத்தா வரை சாலை அமைக்கும் பணி 1926இல் தொடங்கி 1931இல் முடிவுற்றது. இன்று ஒன்றரை மணி நேரத்தில் உந்துவண்டியில் ஏறிவிடும் அவ்வழியை அமைக்க ஐந்தாண்டுகள் பிடித்தன. பாறையைப் பிளந்தும், மண்சரிவைத் தடுத்தும், மலேரியாக் காய்ச்சலோடு போராடியும் தொழிலாளர்கள் அச்சாலையை ஓரடி ஓரடியாக உயர்த்தினர். அதே காலத்தில் தானா ராத்தாவில் அரசாங்கம் நிறுவிய வேளாண் சோதனை நிலையம், தேயிலையும் குளிர்நாட்டுக் காய்கறிகளும் இம்மண்ணில் செழிக்கும் என்பதை மெய்ப்பித்தது.

முதலிட்டோர் இருவர்

முதல் தேயிலைத் தோட்டத்தை நிறுவிய பெருமை ஜான் ஆர்ச்சிபால்ட் ரஸ்ஸலைச் சாரும். சிறுவனாக மலாயாவுக்கு வந்து இங்கேயே வளர்ந்தவர் அவர். மலாய் மொழியையும் சீன மொழி வழக்குகளையும் சரளமாகப் பேசக் கற்றவர். ஈயம், ரப்பர், பத்து ஆராங் நிலக்கரிச் சுரங்கம் எனப் பல துறைகளில் கைவைத்தவர். இலங்கையில் தேயிலைத் தொழிலில் பழுத்த அனுபவம் பெற்ற ஏ. பி. மில்ன் என்பவரைத் துணையாகக் கொண்டு, 1929ஆம் ஆண்டில் ஹாபுவை அடுத்த மலைமடியில் 'போ' தோட்டத்தைத் தொடங்கினார். தேயிலையின் தாயகமாகிய சீனத்தின் போஹி மலைப் பெயரே சுருங்கிப் 'போ' ஆயிற்று என்பர். ஒரு நீராவி உருளையும், சில கோவேறு கழுதைகளும், கூலியாட்களின் கைகளுமே அன்று அவரிடம் இருந்த கருவிகள்.

அவர் தொடங்கிய காலத்தையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். 1929இன் இறுதியில் உலகப் பொருளாதாரம் சரிந்தது. ரப்பர் விலை வீழ்ந்து, மலாயாத் தோட்டங்களில் கூலி குறைக்கப்பட்டது. பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளர்கள் வேலையிழந்து தாயகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். தேயிலை வாணிகமும் நலிந்தே இருந்தது. விலைச் சரிவைத் தடுக்க 1933இல் இந்தியா, இலங்கை, டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகள் ஆகியவை ஏற்றுமதியைக் கட்டுப்படுத்த உடன்படிக்கை செய்துகொண்டன. தேயிலைக்குப் பேர்போன நாடுகளே பின்வாங்கிய காலத்தில் புதுத் தோட்டம் போடுவது பெருந்துணிவே. தம் துணிவின் முழுப் பயனையும் காண ரஸ்ஸலுக்குக் கொடுத்துவைக்கவில்லை. 1933ஆம் ஆண்டிலேயே அவர் காலமானார். குடும்பத்தார் தொடர்ந்து நடத்த, அத்தோட்டம் இன்று நாட்டின் தலைசிறந்த தேயிலை நிறுவனமாக விளங்குகின்றது.

அதே 1933ஆம் ஆண்டில் இந்தியரான சுபர்ஷாட் பன்சால் அகர்வால் பாரத் நிறுவனத்தைத் தோற்றுவித்தார். வெள்ளையரின் கைக்குள் தேயிலைத் தொழில் அடங்கிக் கிடந்த நாளில், இந்தியர் ஒருவர் மலைத்தோட்டத்துக்கு உரிமையாளராக உயர்ந்தமை குறிப்பிடத்தக்க நிகழ்ச்சியாகும். ரிங்லெட்டுக்கும் தானா ராத்தாவுக்கும் இடையே சாலையோரம் பச்சைக் கம்பளம் விரித்தாற்போல் தோன்றும் அத்தோட்டங்களைக் காணாத பயணியர் இலர்.

இவ்விருவரின் துணிவையும் நாம் குறைத்து மதிப்பிடலாகாது. முதலை இட்டவர் அவர். இழப்பு நேர்ந்தால் தாங்க வேண்டியவரும் அவரே. ஆயின் முதலிடுவது வேறு; உழுவது வேறு. உழுதவர் யாவர் என்னும் வினா இன்னும் விடையின்றியே நிற்கின்றது.

உழுத கைகள்

காட்டை வெட்டியவரும், கன்றை நட்டவரும், கொழுந்தைக் கிள்ளியவரும் பெரும்பாலும் தமிழரே. தஞ்சை, திருச்சி, சேலம், வடஆர்க்காடு முதலிய மாவட்டங்களின் சிற்றூர்களிலிருந்து கங்காணியின் சொல்லை நம்பிப் புறப்பட்டோர் பலர். நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ கப்பலேறி, பினாங்கில் இறங்கி, தடுப்புக்காவலில் சில நாள் கழித்து, தோட்டத்துக்கு அனுப்பப்படுவர். 1926 முதல் ஓடிய 'ரஜூலா' கப்பலை நினைவில் வைத்திருந்த முதியோர் அண்மைக்காலம் வரை நம்மிடையே வாழ்ந்தனர். ஏற்கெனவே கீழ்நாட்டு ரப்பர்த் தோட்டங்களில் இருந்தோருள் சிலரும் வேலை தேடி மலையேறினர்.

சமவெளியில் நெல்லும் கேழ்வரகும் விளைவித்துப் பழகிய அவ்வுழவர்களுக்கு மலைக்குளிர் புதிது. தேயிலைச் செடி புதிது. சரிவில் கால் ஊன்றி நிற்பதே புதிது. விண்ணை முட்டும் மரங்களைக் கோடரியால் சாய்த்து, காய்ந்ததும் தீயிட்டு, வேர்க்கட்டைகளைத் தோண்டி எடுத்து, மழைநீர் மண்ணை அடித்துச் செல்லாதபடி குறுக்கே வடிகால் வெட்டினர். அட்டைக்கடியும் காய்ச்சலும் அன்றாடத் துணைகளாயின. பின்னர் நாற்றுமேடையில் விதையிட்டு வளர்த்த கன்றுகளைச் சரிவின் வளைவுக்கேற்ப வரிசையாக நட்டனர். நட்ட கன்று முதற்கொழுந்து தர மூன்றாண்டு அளவும், முழுப்பயன் தர அதற்கு மேலும் காத்திருக்க வேண்டும். கவ்வாத்து வெட்டாது விட்டால் தேயிலை மரமாகவே ஓங்கிவிடும். அதனை இடுப்பளவில் மட்டப்படுத்தி, பந்தல் போல் படர வைப்பதே தொழில்நுட்பம். இந்த அறிவை நூலிலிருந்து அவர்கள் கற்கவில்லை. கையிலிருந்து கைக்கு வாங்கிக்கொண்டனர்.

கொழுந்து கிள்ளும் பணியில் பெண்களின் பங்கே பெரிது. பனி விலகுமுன் கூடையை முதுகில் மாட்டி, இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகப் பார்த்துப் பறிக்கும் அவ்விரல்களின் விரைவை இன்றைய எந்திரக் கத்தரி மிஞ்சலாம், நுண்மையை மிஞ்சாது. ஒரு கிலோ தேயிலைத்தூள் செய்ய நான்கு முதல் ஐந்து கிலோ பச்சைக்கொழுந்து தேவை. உலரவைத்து, உருட்டி, நொதிக்கவிட்டு, சுடுகாற்றில் வறட்டிய பின் எஞ்சுவது அவ்வளவே. நம் வீட்டுக் கோப்பையில் வடியும் ஒவ்வொரு வாய்த் தேநீருக்கும் பின்னால் இந்தக் கணக்கு உண்டு. ஆயினும் அக்காலத்தில் ஆண்களுக்குரிய கூலியினும் பெண்களுக்குரிய கூலி குறைவாகவே வகுக்கப்பட்டிருந்தது.

இத்துணைக்கும் இடையே அவர்கள் ஒரு சமுதாயத்தையும் நட்டனர். லயத்துக்கு அருகே மாரியம்மன் கோயில் எழுந்தது. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேருக்குக் குறையாத தோட்டம் பள்ளி நடத்தவேண்டும் என விதித்தமையால், மலைத்தோட்டங்களிலும் தமிழ்ப்பள்ளிகள் தோன்றின. ஓரறைக் கொட்டகையாயினும், அங்கே எழுந்த 'அ, ஆ' ஒலிதான் இவ்வட்டாரத்தில் தமிழை இன்றுவரை வாழவைத்துள்ளது.

போரும் நெருக்கடியும்

வேர்விட்ட செடிக்கு முதற்புயல் 1941இன் இறுதியில் வந்தது. ஜப்பானிய ஆட்சிக்காலத்தில் ஏற்றுமதி நின்றது. தேயிலை மலைகள் பராமரிப்பின்றிப் புதர் மண்டின. மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் சயாம் மரண இரயில்பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டு மடிந்தனர். எஞ்சியோர் மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் உண்டு உயிர் காத்தனர். 1945இல் போர் முடிந்ததும், காடாகிக் கிடந்த தோட்டங்களை மீண்டும் திருத்தும் பணி அதே மக்களின் தோள்களில் விழுந்தது. ஒரே நிலத்தை இருமுறை காட்டிலிருந்து மீட்டவர்கள் அவர்கள்.

மூன்றாண்டு கழிவதற்குள் 1948இல் அவசரகாலம் பிறந்தது. அது 1960 வரை நீடித்தது. கம்பிவேலியும், ஊரடங்கும், உணவுப் பங்கீடும் மலைமக்களின் வாழ்க்கையை நெருக்கின. காட்டோரத்தில் சிதறி வாழ்ந்த சீன உழவர்கள் புதுக்கிராமங்களில் குடியமர்த்தப்பட்டனர். ஆயினும் உழவு நிற்கவில்லை. சாலை திறந்த நாள்முதல் சீனர் தொடங்கிய காய்கறிப் பயிர், போருக்குப் பின் விரைந்து பெருகி, முட்டைக்கோஸ், தக்காளி, கீரைவகை எனக் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் மூட்டை மூட்டையாக இறங்கிற்று.

நிலம் யாருக்கு?

இங்குதான் நாம் நின்று எண்ண வேண்டிய செய்தி ஒன்று உள்ளது. ஒரே மலையில், ஏறத்தாழ ஒரே காலத்தில் பாடுபட்ட இரு வகை உழவருள், காய்கறி பயிரிட்டவர் பலர் காலப்போக்கில் தமக்கென ஒரு தொழிலை உடைமையாக்கிக் கொண்டனர்; தேயிலை பயிரிட்ட தமிழரோ பெரும்பாலும் கூலிகளாகவே ஓய்வு பெற்றனர். உழைப்பில் குறையா? அன்று. அறிவில் குறையா? அதுவும் அன்று. காரணங்கள் மூன்று எனலாம்.

முதலாவது, பயிரின் இயல்பு. காய்கறி மூன்று திங்களில் காசாகும். சிறுதுண்டு நிலமும் சில வெள்ளி முதலும் போதும். தேயிலைக்கோ பல்லாண்டுக் காத்திருப்பும், பரந்த நிலமும், ஆலையும் வேண்டும். எனவே தேயிலையில் சிறு உழவனுக்கு இடமில்லை; முதலாளிக்கும் தொழிலாளிக்குமே இடமுண்டு.

இரண்டாவது, வீடு. தோட்டத்து வீடு வேலையோடு பிணைந்தது. வேலை உள்ளவரை கூரை உண்டு. வேலை முடிந்தால் கூரையும் முடியும். நாற்பதாண்டு உழைத்தவனும் ஓய்வுபெற்ற மறுநாள் தனக்கொரு முகவரி தேட வேண்டிய நிலை இருந்தது. லயத்துப் பின்புறத்தில் தான் பண்படுத்திய கத்தரிப் பாத்திகூட அவனுடையதன்று.

மூன்றாவது, சட்டம். 1938இல் இந்திய அரசாங்கம் தொழிலாளர் ஏற்றுமதிக்குத் தடை விதித்தபின் புதிய வரவு நின்றது. இங்கிருந்தோரே இந்நாட்டு மக்களாயினர். ஆனால் 1957இல் நாடு விடுதலை பெற்ற பின்னும் குடியுரிமைப் பத்திரம் பெறாதிருந்த பலர், 1969இல் நடைமுறைக்கு வந்த வேலை அனுமதி விதியால் தவித்தனர். பல்லாயிரவர் தமிழகம் திரும்பினர். படிவம் ஒன்றை நிரப்பத் தெரியாமையால், தாம் நட்ட செடியை விட்டுப் பிரிந்தவர்கள் அவர்களுள் உண்டு. எழுத்தறிவின் அருமையை இதனினும் கசப்பாக உணர்த்தும் பாடம் வேறில்லை.

காய்கறி உழவருக்கும் நிலம் முழுமையாக உரிமையாயிற்று எனக் கருதுதல் பிழையாகும். நிலம் மாநில அரசின் அதிகாரத்துக்கு உட்பட்டது. மலைச்சரிவுகளில் பயிரிட்டோருள் பலர் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டிய தற்காலிக உரிமத்தை நம்பியே தலைமுறைகளைக் கழித்தனர். அடுத்த ஆண்டு இந்நிலம் கையில் இருக்குமா என்று அறியாதவன், அம்மண்ணைப் பேரனுக்காகக் காப்பான் என்று எதிர்பார்ப்பது எங்ஙனம்? இன்று காய்கறியும் மலரும் பயிரிடும் தமிழரும் இவ்வட்டாரத்தில் உளர். அவர்களுக்கும் இந்தக் கவலை பொதுவே.

ஆறு சொல்லும் பாடம்

1963ஆம் ஆண்டில் ரிங்லெட்டில் சுல்தான் அபு பக்கார் அணை எழுந்தது. பெர்த்தாம் ஆற்று நீர் ஏரியாகத் தேக்கப்பட்டு, மலையைக் குடைந்த சுரங்கவழியே மேற்கே பேராக் மாநிலத்தின் பத்தாங் பாடாங் பள்ளத்தாக்குக்குத் திருப்பப்பட்டு மின்சாரமாயிற்று. கிழக்குக் கடலுக்குச் செல்லவேண்டிய நீர் மேற்குக் கடலுக்குத் திரும்பிய விந்தை அது. நாடு ஒளிபெற்றது, பள்ளத்தாக்கின் ஆறு மெலிந்தது. மெலிந்த ஆற்றின் கரையில் மக்கள் குடிசை கட்டினர், பயிர் வைத்தனர்.

இதற்கிடையே மேலே மலைச்சரிவுகள் அளவின்றித் திருத்தப்பட்டன. தேயிலை நெருங்கிப் படர்ந்து மண்ணைப் பிடித்துக்கொள்ளும் பயிர். காய்கறிப் பாத்தியும் புதுக்கட்டடமும் அத்தகையன அல்ல. பெயர்ந்த மண் மழையோடு இறங்கி ஏரியில் படிந்து, அதன் கொள்ளளவைப் பெரிதும் குறைத்தது. 2013ஆம் ஆண்டு அக்டோபர் 23ஆம் நாள் விடியற்காலை, பெருமழையால் நிரம்பிய அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட்டபோது, கீழேயிருந்த பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் புகுந்து உயிர்களையும் வீடுகளையும் வாரிச்சென்றது. நூறு ஆண்டு நிறையாத உழவு வரலாற்றில், மண்ணை மதியாமைக்கு மக்கள் கொடுத்த விலை அது.

முதல் உழவர்கள் குறுக்கு வடிகால் வெட்டியதும், சரிவின் வளைவைப் பின்பற்றிக் கன்று நட்டதும் ஏன் என்பது இப்போது விளங்கும். மண் போனால் மலை போகும் என்னும் அறிவு அவ்வேலை முறையிலேயே அடங்கியிருந்தது. அதனை வகுத்தவர் துரையாக இருக்கலாம். மழையில் நனைந்து மண்வெட்டியால் நிறைவேற்றியவர் தமிழுழவரே.

நம் கடன்

இலங்கையில் 1867இல் லூல்கந்துரையில் பத்தொன்பது ஏக்கரில் முதல் தேயிலைத் தோட்டம் போட்ட ஜேம்ஸ் டெய்லரை உலகம் அறியும். அவருக்காக மலையேறிய தமிழரின் பெயர்கள் நூல்களில் இல்லை. பெர்த்தாமிலும் அதுவே நிகழ்ந்தது. ரஸ்ஸல், மில்ன், அகர்வால் ஆகியோர் பெயர்கள் நிலைபெற்றன. அவை நிலைபெறவும் வேண்டும். ஆனால் முன்னோடி என்னும் சொல் உரிமைப்பத்திரத்தில் கையொப்பமிட்டவருக்கு மட்டும் உரியதன்று. கைந்நாட்டு வைத்தவருக்கும் உரியது.

இன்று அம்மலைகளில் கொழுந்து பறிப்போர் பெரும்பாலும் வங்காளதேசம், இந்தோனேசியா, நேப்பாளம் முதலிய நாடுகளிலிருந்து வந்தோர். தமிழ்க்குடும்பங்கள் பல நகரங்களுக்கு இறங்கிவிட்டன. இது வருந்தத்தக்கது அன்று. பிள்ளைகள் உயர்ந்ததற்கு அடையாளம். வருந்தத்தக்கது யாதெனின், இறங்கியவர்கள் தம் பாட்டன் பாட்டியரின் பெயரையும் அம்மலையிலேயே விட்டு வந்தமைதான். முதல் தலைமுறை மறைந்துவிட்டது. அவர்தம் மக்களும் முதுமையின் எல்லையில் நிற்கின்றனர்.

பழைய சம்பளச் சீட்டு, கப்பல் பயணச் சீட்டு, கோயில் திருவிழா அழைப்பிதழ், தமிழ்ப்பள்ளி வருகைப் பதிவேடு, சுவரில் தொங்கும் மங்கிய நிழற்படம் ஆகிய ஒவ்வொன்றும் வரலாற்று ஆவணமே. இவற்றைத் திரட்டுவதற்குப் பல்கலைக்கழகப் பட்டம் தேவையில்லை. தமிழ்ப்பள்ளி மாணவன் ஒருவன் தன் வீட்டு முதியவரிடம், "தாத்தா, நீங்கள் எந்த ஊரிலிருந்து வந்தீர்கள்? முதலில் என்ன வேலை செய்தீர்கள்?" என்று கேட்டு, விடையை ஒரு பக்கத்தில் எழுதினால் போதும். முப்பது மாணவர் எழுதினால் ஒரு தோட்டத்தின் வரலாறு உருவாகும். பத்துப் பள்ளிகள் எழுதினால் ஒரு மலையின் வரலாறு உருவாகும். கட்டுரைப் பாடத்துக்கு இதனினும் சிறந்த தலைப்பு எந்தப் பாடநூலிலும் இல்லை.

நிலம் நம் முன்னோருக்கு உரிமையாகவில்லை. அந்தக் கணக்கு முடிந்துபோன ஒன்று. அவர்கள் உழுத வரலாறு நமக்கு உரிமையாவதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. அதற்கு ஆண்டுதோறும் உரிமம் புதுப்பிக்கவும் வேண்டியதில்லை. எழுதுகோலை எடுத்தால் போதும்.